எல்லை சொல்லியும் நிற்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

இங்கே எல்லை என்று சொல்வது இதைத்தான்: ஒரு குறிப்பிட்ட விஷயம் நடந்தால் நான் என்ன செய்வேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அது நடக்கும்போது சொன்னபடி செய்வது. அடுத்தவர் எப்படி நடக்க வேண்டும் என்று கேட்பது கோரிக்கை. அதை ஏற்பதும் மறுப்பதும் அவர் கையில் இருக்கிறது. எல்லை உங்கள் கையில் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் கீழே வரும் கோளாறுகளில் பாதி வருகின்றன.

உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் எளிதில் சரியாகும் காரணம் முதலில், அதிக விலை கொடுக்க வேண்டியது கடைசியில். வரிசையைத் தாண்டாதீர்கள். வாக்கியத்தை மாற்றினாலே தீரக்கூடிய விஷயத்துக்கு உறவையே முறித்துக்கொள்பவர்கள் நிறைய. ஒரு நேரத்தில் ஒரு ஆள், ஒரு விஷயம். ஒரு மாற்றத்தைச் செய்தால் மூன்று வாரமாவது பொறுத்துப் பாருங்கள்.

முதலில் ஒரு சோதனை: தயக்கமா, பயமா?

"நான் மறுத்தால் மிஞ்சிப்போனால் என்ன நடக்கும்?" இந்தக் கேள்விக்குப் பதிலைக் காகிதத்தில் எழுதுங்கள்.

முகம் வாடும், கோபப்படுவார், இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார், சொந்தக்காரர்களிடம் புலம்புவார் என்று வந்தால் அது தயக்கம். மேற்கொண்டு படியுங்கள்.

அடிப்பார், பொருளைப் போட்டு உடைப்பார், போனையோ பணத்தையோ சான்றிதழ்களையோ பிடுங்கி வைத்துக்கொள்வார், வெளியே விடமாட்டார், பிள்ளையைப் பிரித்துவிடுவார், தன் உயிரை மாய்த்துக்கொள்வதாக மிரட்டுவார் என்று எழுதியிருந்தால் அது பயம். நேராகக் கடைசித் தலைப்புக்குப் போங்கள். இடையில் உள்ள வழிகள் உங்களுக்கானவை இல்லை. அடக்கி ஆள நினைப்பவரிடம் முகத்துக்கு நேரே உறுதியாகப் பேசுவது ஆபத்தைக் கூட்டிவிடலாம்.

அறிகுறி 1: மறுக்க நினைத்தீர்கள், வாயிலிருந்து "சரி" வந்துவிட்டது

*கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்வது.* மிக எளிய காரணம், மிகப் பரவலான காரணமும் இதுதான். ஒப்புக்கொண்டுவிட்டு வருந்திய கடைசி ஐந்து விஷயங்களை எண்ணிப் பாருங்கள். அவற்றில் குறைந்தது மூன்று போனிலோ, வாசலில் நின்றபடியோ, ஒரு நிமிடத்துக்குள் சொன்ன "சரி"யாக இருந்தால் கோளாறு இதுவேதான். எந்தக் கோரிக்கைக்கும் அதே இடத்தில் பதில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "யோசிச்சு நாளைக்குச் சாயங்காலம் சொல்றேன்" என்றால் போதும். நேரத்தைக் குறிப்பிடுவது முக்கியம். இல்லாவிட்டால் அவர் ஒரு மணி நேரத்தில் மறுபடி கூப்பிடுவார். சொன்ன நேரத்துக்கு நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். தள்ளிப்போட்டு மறைந்துகொண்டால் அடுத்த முறை யாரும் அவகாசம் தரமாட்டார்கள்.

*மறுப்பு மறுப்பாகக் காதில் விழாதது.* நம் பேச்சில் "பார்க்கலாம்", "சொல்றேன்", "முடிஞ்சா வர்றேன்" என்பதெல்லாம் சொல்பவருக்கு "இல்லை". கேட்பவருக்கு, அதுவும் தேவையோடு கேட்பவருக்கு, அது "ஆமாம்". பிறகு ஏமாந்துபோவதாக அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இதைவிட நுட்பமான இடம் "முடியாது", "முடியல" என்ற சொற்கள். "என்னால வர முடியல" என்றால் ஏதோ ஒன்று தடுக்கிறது என்றுதான் பொருள்படும். தடையை நீக்கிவிட்டால் வருவீர்கள் என்று அவர் நினைப்பார். வண்டி அனுப்புவதாகச் சொல்வார், தேதியை மாற்றுவார். "வர மாட்டேன்" என்பது பெரியவர்களிடம் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நல்ல சொல் ஒன்று இருக்கிறது: "இல்லைங்க, நான் வரலை." இதில் தடையும் இல்லை, முரட்டுத்தனமும் இல்லை, ஒரு முடிவு மட்டும் இருக்கிறது. "நான் எடுத்துக்கலை", "நான் சேரலை", "பணம் தர்றதா இல்லை" என்று எந்த வினைக்கும் இப்படிப் பொருத்தலாம். மரியாதையை "ங்க" பார்த்துக்கொள்ளும். மரியாதைக்காக முடிவைக் குழைக்க வேண்டியதில்லை.

"நாம" என்ற சொல்லையும் கவனியுங்கள். "நாமதானே பார்த்துக்கணும்", "நாம பண்ணிடலாம்" என்று ஒருவர் சொன்னால் யார் செய்வது என்பது அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோகிறது. "சரி, இதுல நீங்க எதைப் பார்த்துக்கிறீங்க, நான் எதைப் பார்த்துக்கணும்?" என்று அங்கேயே பிரித்துக் கேளுங்கள்.

*காரணங்களை அடுக்குவது.* உடம்பு சரியில்லை, அன்றைக்கு வேலை இருக்கிறது, பிள்ளைக்குப் பரீட்சை என்று மூன்று சொன்னால் அவர் மூன்றுக்கும் வழி சொல்லுவார். வழியும் இருக்கும். அப்போது உங்களிடம் மறுக்க எதுவும் மிஞ்சாது. ஒரு உண்மையான காரணம், அல்லது காரணமே இல்லாமல் முடிவு. பொய்க் காரணம் வேண்டவே வேண்டாம். அதை நினைவில் வைத்திருப்பது தனி வேலை.

*வற்புறுத்தலில் சரிந்துபோவது.* முதல் மறுப்பைச் சொல்லிவிடுவார்கள், நான்காவது கேள்வியில் விழுந்துவிடுவார்கள். மருந்து, கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி ஒரே வாக்கியத்தைத் திரும்பச் சொல்வது. ஒரு போன் பேச்சை எடுத்துக்கொள்வோம். அண்ணன் கைமாத்து கேட்கிறார்:

"பணம் தர்றதா இல்லைண்ணா."
"என்னடா, உனக்கு இது ஒரு தொகையா?"
"உங்க கஷ்டம் புரியுதுண்ணா. ஆனா பணம் தர்றதா இல்லை."
"போன வருஷம் நான் உனக்குச் செய்யலையா?"
"செஞ்சீங்க, மறக்கலை. இந்தத் தடவை பணம் தர்றதா இல்லைண்ணா."
"அப்ப நான் யார்கிட்ட போய் நிக்கிறது?"
"கஷ்டமாத்தான் இருக்கு. பணம் தர்றதா இல்லை. ஞாயித்துக்கிழமை உக்காந்து கடன் கணக்கெல்லாம் பார்க்கணும்னா வர்றேன்."

அண்ணனின் எந்தக் கேள்வியோடும் தம்பி வாதாடவில்லை. கையில் எவ்வளவு இருக்கிறது என்ற பேச்சுக்கே போகவில்லை. அண்ணன் செய்த உதவியை மறுக்கவும் இல்லை. உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டு முடிவுக்குத் திரும்பிவிடுகிறார். ஒவ்வொரு முறையும் குரல் ஏறக் கூடாது, வேகம் கூடக் கூடாது. கடைசியில் தந்த உதவி நிஜமாகவே செய்யப்போவதாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். சங்கடத்தைத் தணிக்கச் சொன்ன உதவி இன்னொரு "சரி"யாக வந்து நிற்கும்.

இதைத் தனியாக நின்று வாய்விட்டு பத்து முறை சொல்லிப் பழகுங்கள். மனசுக்குள் சொல்வது பழக்கமாகாது. பிறகு, மறுத்தால் பெரிதாக எதுவும் ஆகாத ஆளிடம் ஆரம்பியுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் விற்பனை அழைப்பு நல்ல தொடக்கம். அப்பாவிடமோ கணவரிடமோ முதல் பாடத்தைத் தொடங்காதீர்கள்.

*ஏற்கெனவே ஒப்புக்கொண்டாகிவிட்டது.* பின்வாங்கலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் அவர் உங்களை நம்பி ஏற்பாடு செய்துகொண்டிருப்பார். "நேத்து சரின்னு சொல்லிட்டேன். யோசிச்சுப் பார்த்தேன், நான் செய்யலை. அப்பவே சொல்லியிருக்கணும், அது என் தப்பு." இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். ஆனால் கடைசி நேரத்தில் கைவிட்டால் அவருக்கு உண்மையான நஷ்டம் என்றால், இந்த ஒரு முறை செய்துமுடித்துவிட்டு அடுத்ததிலிருந்து தொடங்குங்கள்.

*எல்லோரிடமும் இப்படியே.* ஒருவரிடம் மட்டும் இல்லாமல் யார் கேட்டாலும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, கை சில்லிடுகிறது, மறுப்பதை நினைத்தாலே தூக்கம் போகிறது என்றால் இரண்டு மாதம் பழகியும் மாறாதபோது மனநல ஆலோசகரிடம் போங்கள். சின்ன வயதில் மறுத்ததற்குக் கிடைத்த தண்டனை பலருக்கு உடம்பிலேயே தங்கியிருக்கும். வாக்கியங்களை மனப்பாடம் செய்து மட்டும் அதைச் சரிசெய்ய முடியாது.

அறிகுறி 2: எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், அவருக்குப் புரியவே இல்லை

சோதனை: கடைசியாகச் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதுங்கள். முக்கால்வாசி நேரம் அங்கே ஒரு வாக்கியமே இருக்காது. பெருமூச்சு, பாத்திரத்தைச் சத்தமாக வைத்தது, "சிலருக்கு எல்லாம் சொல்லித்தான் தெரியணுமா" என்று சுவரைப் பார்த்துப் பேசியது, தங்கையிடம் புலம்பினால் அவள் போய்ச் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தது. இவை எதுவும் சொன்ன கணக்கில் சேராது.

வாக்கியம் இருக்கிறது என்றால், அதில் கேமராவில் பதிவாகக்கூடியது ஏதாவது இருக்கிறதா பாருங்கள். "என்னை மதிக்கிறதே இல்லை" என்பதைக் கேமரா பிடிக்காது. "நான் குளிக்கப் போனப்ப என் போனை எடுத்துப் படிச்சீங்க" என்பதைப் பிடிக்கும். முதல் வகை வாக்கியத்துக்கு வரும் பதில் எப்போதும் "நான் மதிக்கலைன்னு யார் சொன்னா?" என்பதுதான். பேச்சு அங்கேயே தடம் மாறிவிடும்.

வாக்கியத்தைச் சேர்க்கும் வரிசை இது: நடந்தது, அதனால் எனக்கு ஆனது, இனி நான் கேட்பது, மறுபடி நடந்தால் நான் செய்யப்போவது. நாலும் சேர்த்து ஐந்தாறு வரிக்கு மேல் போகக் கூடாது. அக்காவுக்கு அனுப்பவிருக்கும் ஒரு செய்தி, திருத்துவதற்கு முன்:

"நீ எப்பவுமே இப்படித்தான். என் விஷயம்னா உனக்கு இளக்காரம். உன்கிட்ட ஒண்ணு சொன்னா ஊருக்கே தெரிஞ்சுடும். உன்னை நம்பினது என் தப்பு."

திருத்திய பின்:

"எனக்கு வேலை போனதை உன்கிட்ட மட்டும்தான்கா சொன்னேன். நேத்து சித்தி அதைப் பத்திக் கேட்டாங்க. எனக்குக் கூனிக்குறுகிப் போச்சு. இனிமே நான் சொல்றதை என்னைக் கேக்காம யார்கிட்டயும் சொல்லாதக்கா. மறுபடி இப்படி ஆச்சுன்னா இந்த மாதிரி விஷயத்தை உன்கிட்ட சொல்றதை நிறுத்திடுவேன்."

முதலாவதில் அக்காவின் குணத்துக்குத் தீர்ப்பு இருக்கிறது. அவள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, சண்டை போடலாம். இரண்டாவதில் அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கோபம் இரண்டிலும் உண்டு. "எனக்குக் கூனிக்குறுகிப் போச்சு" என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அலுவலக நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும்.

நான்காவது பகுதியை முதல் முறை பேசும்போது விட்டுவிடலாம். நெருங்கியவர்கள் பலர் கோரிக்கையிலேயே மாறிவிடுவார்கள். முதல் வார்த்தையிலேயே "இல்லாட்டி" என்று தொடங்கினால் மிரட்டலாகத்தான் கேட்கும்.

சொல்லி முடித்ததும், "நான் சொன்னது உங்களுக்கு எப்படிப் பட்டுச்சு?" என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வது நீங்கள் சொன்னதாக இல்லாவிட்டால், புரியாமல் போன இடம் அங்கேயே தெரிந்துவிடும்.

அறிகுறி 3: வாயைத் திறந்தாலே சண்டை

நேரத்தை முதலில் பாருங்கள். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதும், பசியோடு இருக்கும்போதும், தூங்கப்போகும்போதும், பிள்ளைகளோ விருந்தாளிகளோ பக்கத்தில் இருக்கும்போதும் பேசியதெல்லாம் கெட்டுப்போகும். "ஒரு விஷயம் பேசணும், பதினைஞ்சு நிமிஷம் ஆகும். இன்னைக்கு ராத்திரி சாப்பிட்டதும் பேசலாமா, நாளைக்குக் காலையிலயா?" என்று கேட்டு வாங்குங்கள். விஷயம் என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் அதுவரை பதறிக்கொண்டிருப்பார்.

அடுத்து சொற்கள். "எப்பவும்", "ஒருநாளும்", "உங்க குடும்பமே" ஆகிய மூன்றையும் எடுத்துவிடுங்கள். "ஏன் இப்படிப் பண்ணினே?" என்ற கேள்வியையும் எடுத்துவிடுங்கள், அது விசாரணை. "அன்னைக்கு என்ன ஆச்சு?" என்றால் ஆள் பேசுவார்.

அப்படியும் சூடேறினால் உடம்பைக் கவனியுங்கள். தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், சண்டையில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வதைக் கேட்டு வாங்கும் நிலையில் ஒருவர் இருப்பதில்லை என்கிறார். உடம்பு தணியக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணுங்கள். 25-க்கு மேல் போனால் நிறுத்துங்கள். நிறுத்தும் விதம்தான் முக்கியம்: "இப்ப என்னால ஒழுங்கா கேக்க முடியல. அரை மணி நேரம் கழிச்சு வர்றேன்." சொன்ன நேரத்துக்குத் திரும்பி வர வேண்டும். திரும்பாவிட்டால் அது பேச்சைத் துண்டித்ததாகிவிடும். அந்த அரை மணி நேரத்தில் அடுத்த வாதத்தை மனதில் தயாரித்தால் துடிப்பு இறங்காது. நடந்துவிட்டு வாருங்கள், துணி மடியுங்கள்.

"நீ மட்டும் ஒழுங்கா?" என்று அவர் திருப்பினால், அதில் உண்மை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள்: "அதுவும் சரிதான், அதை நாளைக்கு உக்காந்து பேசுவோம். இப்ப இதை முடிச்சிடலாம்." நாளைக்கு என்றால் நாளைக்கே பேச வேண்டும்.

செய்தி அனுப்பிச் சண்டை போடாதீர்கள். கோரிக்கையை எழுதி அனுப்பலாம்; பதிலுக்குப் பதில் எழுதத் தொடங்கிவிட்டால் மூன்றாவது செய்தியில் நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள்.

அறிகுறி 4: ஒப்புக்கொண்டார், இரண்டு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது

அதிகம் பேர் கைவிடும் இடம் இது. "இந்த ஆளிடம் எதுவும் எடுபடாது" என்று முடிவுகட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை ஆறு இருக்கின்றன. முதல் ஐந்தும் நீங்களே சரிசெய்யக்கூடியவை.

*மறதி.* பழக்கம் ஒரே பேச்சில் போகாது. முதல் தவறுக்குக் கோபப்படாமல் ஒரே வரி: "அம்மா, கதவைத் தட்டிட்டு வர்றதா பேசியிருந்தோமே." அவ்வளவுதான். அதற்குப் பழைய கதை எதையும் இழுக்காதீர்கள். நிறையப் பேருக்கு இங்கேயே சரியாகிவிடும்.

*சொன்ன விளைவு உங்களால் செய்ய முடியாதது.* "இனிமே உங்ககூடப் பேசவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை பேசியிருப்பீர்கள். அன்றிலிருந்து நீங்கள் சொல்லும் எதற்கும் எடை இல்லை. விளைவைச் சொல்வதற்கு முன் நாலு கேள்வி: இது முழுக்க என் கையில் இருக்கிறதா? இன்றைக்கே செய்ய முடியுமா? பத்து முறை வந்தாலும் பத்து முறையும் செய்ய முடியுமா? அது நடந்த அந்த நேரத்திலேயே செய்ய முடியுமா? நாலுக்கும் ஆமாம் என்றால்தான் சொல்ல வேண்டும்.

கத்திப் பேசினால் போனை வைத்துவிடுவேன், ஒரு மணி நேரம் கழித்து நானே கூப்பிடுவேன் என்பது நாலிலும் தேறும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வரும் வேலைச் செய்திக்குக் காலையில்தான் பதில் என்பது தேறும். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்பதும் தேறும். "நீங்க குடிக்கிறதை நிறுத்தணும்" என்பது முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். சின்ன விளைவு, ஆனால் தவறாமல் நடப்பது. அதுதான் வேலை செய்யும். பெரிய விளைவைச் சொல்லிவிட்டுச் செய்யாமல் விடுவது, எதுவும் சொல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல்.

*சில நாள் விட்டுக்கொடுப்பது.* ஒன்பது முறை மறுத்துவிட்டுப் பத்தாவது முறை களைத்துப்போய் "சரி, இந்த ஒரு தடவை" என்கிறீர்கள். பத்து முறை கேட்டால் கிடைக்கும் என்று அவர் அன்றைக்குக் கற்றுக்கொள்கிறார். எப்போதும் கிடைப்பதைவிட எப்போதாவது கிடைக்கும் பழக்கம்தான் விடுபடக் கடினமானது, உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். லாட்டரிச் சீட்டு வாங்குபவரை விடாமல் வாங்க வைப்பதும் இதே இழுப்புதான். அதனால் எல்லையைச் சின்னதாக வையுங்கள், ஓட்டையில்லாமல் வையுங்கள். விதிவிலக்கு தேவை என்று தோன்றினால் அதை முன்கூட்டியே நீங்களே அறிவியுங்கள்: "பரீட்சை முடியுற வரைக்கும் ராத்திரியும் கூப்பிடலாம், அதுக்கப்புறம் பழையபடி ஒன்பது மணிதான்." அவர் வற்புறுத்தி வாங்கியதற்கும் நீங்கள் முன்வந்து கொடுத்ததற்கும் விளைவு வேறு.

*தொடங்கியதும் நிலைமை மோசமாவது.* இதுவரை வேலை செய்த வழி திடீரென்று அடைபட்டால், அடங்குவதற்கு முன் பலர் இன்னும் பலமாக முயல்வார்கள். ஒரு முறை கூப்பிட்டவர் எட்டு முறை கூப்பிடுவார், கோபித்தவர் அழுவார். "நான் தொடங்கினதாலதான் கெட்டுப்போச்சு" என்று அங்கே கைவிட்டால், எட்டு முறை கூப்பிடுவது புதிய வழக்கமாகிவிடும். இது வரும் என்று தெரிந்தே தொடங்குங்கள். உங்களுக்கு உடம்பு முடியாத வாரத்திலோ, வீட்டில் வேறு நெருக்கடி இருக்கும்போதோ தொடங்காதீர்கள். பாதியில் விடுவதைவிட ஒரு மாதம் தள்ளிப்போடுவது மேல். (வசவு தாண்டி மிரட்டலாக மாறினால் இந்தத் தலைப்பை விட்டுவிட்டுக் கடைசிக்குப் போங்கள்.)

*பின்கதவு திறந்திருப்பது.* நீங்கள் மறுத்ததை உங்கள் கணவரோ மனைவியோ சத்தமில்லாமல் செய்து கொடுத்துக்கொண்டிருக்கலாம். எல்லையை வெளியில் சொல்வதற்கு முன் வீட்டுக்குள் பேசி ஒரே பதிலுக்கு வாருங்கள். யாருடைய பெற்றோரோ, யாருடைய உடன்பிறந்தவரோ, அவரே அதைச் சொல்ல வேண்டும். மருமகள் சொன்னால் அது வேறு கதையாகத்தான் காதில் விழும்.

*அவருக்கு மாறும் எண்ணமே இல்லை.* இதை ஊகமாக முடிவுசெய்யாதீர்கள். நாலு வாரம் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள்: தேதி, நடந்தது, நான் செய்தது. மூன்றாவது கட்டத்தில் அநேகமாக எல்லா நாளும் சொன்னதைச் செய்திருக்கிறீர்கள், இரண்டாவது கட்டம் மட்டும் குறையவில்லை என்றால் கோளாறு உங்கள் பக்கம் இல்லை. மூன்றாவது கட்டமே காலியாக இருந்தால் மேலே உள்ள இரண்டாம், மூன்றாம் காரணங்களுக்குத் திரும்புங்கள். நிஜமாகவே அவர் பக்கம்தான் என்றால் மிச்சமிருக்கும் வழிகள் விலை அதிகமானவை: சந்திப்பதைக் குறைப்பது, தனியாகச் சந்திக்காமல் இருப்பது, பணத் தொடர்பை அறுப்பது, தனியாகப் போவது, உறவிலிருந்து விலகுவது. இதை மனம் கொதிக்கும் நாளில் முடிவுசெய்யாதீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு ஆலோசகரிடம் போங்கள்.

அறிகுறி 5: எல்லாம் சரியாகத்தான் சொன்னேன், மனசு உறுத்துகிறது

ஒரே ஒரு சோதனை. நான் அவமானப்படுத்தினேனா, கொடுத்த வாக்கை மீறினேனா? ஆமாம் என்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள்: "சத்தம் போட்டது என் தப்பு. சொன்ன விஷயம் அப்படியேதான்." இல்லை என்றால் அது பழக்கமில்லாததைச் செய்த கூச்சம். 24 மணி நேரம் எதுவும் செய்யாதீர்கள். சமாதானச் செய்தி, பரிசு, "வேணும்னா இந்தத் தடவை..." எதுவும் வேண்டாம். உறுத்தலைத் தணிக்க அனுப்பிய ஒரு செய்தி, அறிகுறி 4-இல் சொன்ன பத்தாவது முறையாகிவிடும்.

அறிகுறி 6: சொன்னதிலிருந்து பேச்சையே நிறுத்திவிட்டார்

அமைதி தேவைப்படுவதும் தண்டிப்பதும் வேறு. அமைதி தேவைப்படுபவர் எப்படியும் ஒரு நாள் பேச்சுக்குத் திரும்புவார். வீட்டின் அன்றாடப் பேச்சுக்குத் தலையாவது ஆட்டுவார். ஒரே ஒரு முறை சொல்லுங்கள்: "நீங்க வருத்தமா இருக்கீங்கன்னு தெரியுது. பேசணும்னு தோணுறப்ப நான் இருக்கேன்." பிறகு துரத்தாதீர்கள், தூது அனுப்பாதீர்கள், நீங்களும் பேச்சை நிறுத்தாதீர்கள். தேவையான பேச்சைச் சாதாரணக் குரலில் தொடருங்கள். அவர் பேசத் தொடங்கும் நாளில் குத்திக்காட்ட வேண்டாம்.

வாரக்கணக்கில் நீடிக்கிறது, நீங்கள் எல்லையைக் கைவிட்டால்தான் முடிகிறது, ஒவ்வொரு முறையும் இதேதான் என்றால் அது ஆயுதம். இருவரும் சேர்ந்து ஆலோசகரிடம் போக வேண்டிய கட்டம்.

அறிகுறி 7: மேலதிகாரியிடம் மறுக்கவே வழியில்லை

வேலை அவர் கையில் இருக்கும்போது நேர் மறுப்பு எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை. தேர்வை அவரிடமே கொடுங்கள்: "இதை இன்னைக்கு முடிச்சுத் தர்றேன் சார். அப்ப காலையில கொடுத்தது வியாழக்கிழமைக்குப் போகும். எது முதல்ல வேணும்?" அவர் சொன்ன பதிலை அன்றே இரண்டு வரி மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். தகாத தொடுகை, ஆபாசப் பேச்சு என்றால் இப்படியெல்லாம் சுற்றிப் பேச வேண்டியதில்லை. தேதி, நேரம், சொன்ன சொல், பக்கத்தில் இருந்தவர் எல்லாவற்றையும் எழுதிவைத்து முறையாகப் புகார் கொடுங்கள்.

அறிகுறி 8: எல்லை சொல்லத் தொடங்கியபின் எல்லோரும் விலகுகிறார்கள்

சிலர் விலகத்தான் செய்வார்கள். உங்கள் "சரி"க்காக மட்டும் இருந்தவர்கள் அவர்கள். எல்லோருமே விலகினால் உங்கள் பட்டியலைச் சோதியுங்கள். "நீ உன் நண்பர்களோட பேசக் கூடாது", "உன் பாஸ்வேர்டைக் கொடு, அதுதான் என் எல்லை" என்பதெல்லாம் எல்லை இல்லை, அடக்குமுறை. ஒவ்வொரு வரியிலும் வினைச்சொல் யாருடையது என்று பாருங்கள். "நான்" செய்வதாக இருந்தால் எல்லை, "நீ" செய்யக் கூடாததாக இருந்தால் கோரிக்கை அல்லது கட்டளை.

இன்னொரு காரணம், பத்து வருடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே வாரத்தில் ஏழு எல்லை போடுவது. எதிரில் இருப்பவர் ஆடிப்போவது இயல்பு. ஒன்று நிலைத்த பிறகு அடுத்தது. "நான் செய்யறதுல உங்களுக்கு ஒத்துவராதது ஏதாவது இருக்கா?" என்று இடையில் ஒரு முறையாவது கேளுங்கள், வரும் பதிலுக்கு விளக்கம் சொல்லாமல் ஒரு நாள் வைத்திருங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்

*பயம் இருந்தால்.* எல்லை அறிவிப்பு வேண்டாம், விளைவு சொல்ல வேண்டாம், பிரியப்போவதாக முன்கூட்டியே சொல்லவே வேண்டாம். பிரியப்போவதாகத் தெரிந்ததும் பிரிந்த உடனேயும்தான் வன்முறை ஏறும் ஆபத்து அதிகம். முதலில் நம்பிக்கையான ஒரு ஆளிடமாவது நடப்பதைச் சொல்லுங்கள். "இந்தச் சொல்லை அனுப்பினால் உடனே ஆள் அனுப்பு" என்று ஒரு சாதாரணச் சொல்லை அவரோடு பேசிவையுங்கள். அடையாள ஆவணங்கள், வங்கி விவரம், அன்றாட மருந்து, மாற்றுச் சாவி, கொஞ்சம் ரொக்கம் ஆகியவற்றை வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். உங்கள் போனை அவர் பார்க்கிறார் என்ற சந்தேகம் இருந்தால் உதவி தேட வேறொருவர் போனைப் பயன்படுத்துங்கள். சண்டை ஏறும்போது சமையலறைக்கும் குளியலறைக்கும் போகாதீர்கள்; வெளியே போகும் வழியுள்ள அறையில் இருங்கள்.

ஒரே ஒரு முறை கழுத்தை நெரித்திருந்தாலும் அது மிகப் பெரிய எச்சரிக்கை. வெளியில் தடம் தெரியாவிட்டாலும் உள்ளே காயம் இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் பகுதியில் குடும்ப வன்முறைக்கான உதவி எண்ணும் காவல் அவசர எண்ணும் எது என்பதை இன்றைக்கே தெரிந்துகொண்டு மனப்பாடம் செய்யுங்கள். இந்த நிலையில் இருவரும் சேர்ந்து போகும் தம்பதி ஆலோசனை வேண்டாம். அங்கே சொன்னதற்கு வீட்டில் அவர் பழிவாங்கக்கூடும். தனியாகப் போங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்வதாக அவர் மிரட்டினால் அதைப் பொய் என்று ஒதுக்காதீர்கள், அதற்காக எல்லையை விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். அவசர உதவி எண்ணுக்கோ அவருடைய நெருங்கிய உறவினருக்கோ உடனே சொல்லுங்கள். அவரைக் காப்பாற்றும் பொறுப்பை நீங்கள் ஒருவரே சுமக்க முடியாது.

*பயம் இல்லை, ஆனால் மேலே உள்ளதெல்லாம் செய்தும் மூன்று மாதமாக நகரவில்லை என்றால்* மனநல ஆலோசகரிடம் போங்கள். தூக்கம், பசி, வேலை மூன்றில் ஒன்று கெட்டுவிட்டால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். நாலு வார நோட்டு, சொன்ன வாக்கியங்கள், முயன்று தோற்றவை ஆகிய மூன்றையும் எடுத்துப் போனால் முதல் சந்திப்பு வீணாகாது. என்ன படித்திருக்கிறார், எத்தனை சந்திப்பு ஆகலாம், எந்தச் சூழலில் ரகசியத்தை வெளியில் சொல்ல நேரும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். "பொறுத்துப் போங்க, எல்லாம் சரியாகிடும்" என்பது மட்டுமே பதிலாக வந்தால் வேறு ஆலோசகரைப் பாருங்கள். ஐந்தாவது சந்திப்பில், வந்தபோது எதற்காக வந்தோம், இப்போது அது எங்கே இருக்கிறது என்று அவரோடு சேர்ந்து கணக்குப் பாருங்கள்.